படம் பார்க்க ஒரு கார்டு

2006 நவம்பரில் என்விடியா நிறுவனம் ஜிஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் என்ற கிராஃபிக்ஸ் கார்டை வெளியிட்டது. விலை 599 டாலர். அன்றைக்கு வீட்டுக் கணினிக்கு அதைவிட வேகமான கார்டு கிடையாது. ஐந்து மாதம் கழித்து, 2007 ஏப்ரலில், அதே நிறுவனம் 8500 ஜிடி, 8600 ஜிடி என்று சில சின்ன கார்டுகளைக் கொண்டுவந்தது. 8500 ஜிடியின் விலை நூறு டாலரை ஒட்டி. கேம் ஆடுகிறவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் கணினியில் ஒரு புளூ-ரே டிஸ்க்கைப் போட்டால் கதை தலைகீழாகிவிடும். நூறு டாலர் கார்டு படத்தைப் பிரிக்கும் வேலை முழுவதையும் தானே ஏற்றுக்கொள்ளும். 599 டாலர் கார்டு வேலையின் கடினமான பாதியை பிராசஸரின் தலையில் கட்டிவிடும்.

இது ஒரு கம்பெனியின் விபத்து என்று நினைத்தால், போட்டியாளர் பக்கமும் அதே கதைதான். 2007 மே மாதம் வந்த ரேடியான் எச்.டி. 2900 எக்ஸ்டி 399 டாலர். அதில் யூவிடி என்ற வீடியோ பிரிக்கும் சுற்று இல்லை. அடுத்த மாதம் ஐம்பது டாலர் சொச்சத்துக்கு வந்த எச்.டி. 2400 ப்ரோவில் இருந்தது.

பின்னோக்கிப் போனால், 2004-இல் ஜிஃபோர்ஸ் 6800 சிப்பில் டபிள்யூஎம்வி 9 வீடியோவுக்கான சுற்று சரியாக வேலை செய்யவில்லை. சில மாதம் கழித்து வந்த அதன் தம்பி 6600-இல் வேலை செய்தது. முன்னோக்கிப் போனால், 2014 செப்டம்பரில் 549 டாலருக்கு வந்த ஜிடிஎக்ஸ் 980-ஆல் எச்.265 வீடியோவை முழுதாகத் தன் சுற்றில் பிரிக்க முடியாது. 2015 ஜனவரியில் 199 டாலருக்கு வந்த ஜிடிஎக்ஸ் 960 அதை 10 பிட் வரைக்கும் செய்தது. மூன்று தலைமுறை, பத்து வருடம், ஒரே கதை. வீட்டில் படம் பார்க்க கம்ப்யூட்டர் கட்டியவனுக்குக் கடையிலேயே விலை அதிகமான கார்டு தவறான கார்டாக இருந்தது.

காரணம் புரிய, ஒரு கார்டுக்குள் இரண்டு தனித்தனி இயந்திரங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நூற்றுக்கணக்கான சின்னக் கணக்குப் பொறிகளின் கூட்டம். கேமில் சுவரையும் புல்லையும் வரைவது இது. காசு கொடுக்கக் கொடுக்க இந்தக் கூட்டம் பெரிதாகும். இன்னொன்று சிலிக்கானின் ஒரு மூலையில் கிடக்கும் டிகோடர் சுற்று. சுருக்கி வைத்த வீடியோவைப் பிரிப்பது மட்டுமே அதன் வேலை. ஒரே தலைமுறையில் இருபதாயிரம் ரூபாய் கார்டிலும் ஐயாயிரம் ரூபாய் கார்டிலும் அது ஏறத்தாழ ஒரே சுற்றாகத்தான் இருக்கும்.

பெரிய கூட்டத்தையே வீடியோ பிரிக்கச் சொல்லக் கூடாதா? ஒரு பகுதிக்குச் சொல்லலாம். எச்.264-இல் கேபக் என்றொரு கட்டம் உண்டு. பிட்டுகளை மேலும் இறுக்கிப் பின்னிவைப்பது. ஒரு பிட்டைப் பிரித்தால்தான் அடுத்தது என்ன என்று தெரியும். சிக்கு விழுந்த நூல்கண்டை நூறு பேர் கூடிப் பிரிக்க முடியாது, ஒருத்தர்தான் உட்கார வேண்டும். அதற்கென்றே செய்த சுற்று இல்லாவிட்டால் வேலை பிராசஸருக்குப் போய்விடும். பெரிய சிப் முதலில் சந்தைக்கு வரும், சின்னது பல மாதம் தள்ளி வரும். அதற்குள் வீடியோ மூலையை வடிவமைப்பவர்கள் அடுத்த பதிப்பை முடித்துவிடுகிறார்கள். 600 டாலர் கார்டு வாங்குபவனிடம் எப்படியும் நல்ல பிராசஸர் இருக்கும் என்ற கணக்கும் உள்ளே ஓடியிருக்கும் என்பது, மென்பொருள் கட்டுபவனாக என் ஊகம்.

இந்தச் சுற்றுக்கும் ஒரு முன்கதை உண்டு. 1990-களின் பிற்பகுதியில் நம் வீடுகளுக்கு வந்தது விசிடி. ஒரு வட்டில் 74 நிமிடம், 352-க்கு 288 புள்ளிகள். தமிழ்ப் படம் என்றால் இரண்டோ மூன்றோ வட்டு. அதை அன்றைய பென்டியம் பிராசஸர் தனியாகவே சமாளித்தது. டிவிடிதான் மூச்சு வாங்க வைத்தது. அதற்காகச் சிக்மா டிசைன்ஸின் ஹாலிவுட் ப்ளஸ், கிரியேட்டிவின் டிஎக்ஸ்ஆர்2 போன்ற தனி டிகோடர் கார்டுகள் வந்தன. கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்து இதற்குள் செருகி, இதிலிருந்து இன்னொரு ஒயரை மானிட்டருக்குக் கொடுக்க வேண்டும். ஏ.டி.ஐ நிறுவனம் அந்த வேலையைத் துண்டு துண்டாகத் தன் கிராஃபிக்ஸ் சிப்புக்குள் இழுத்தது. 1997-இன் ரேஜ் ப்ரோவில் ஒரு கட்டம், 1998-இன் ரேஜ் 128-இல் இன்னொரு கட்டம். பிராசஸர்களும் வேகமெடுக்க, தனி டிகோடர் கார்டு சில வருடத்தில் காணாமல் போனது.

அதே ஏ.டி.ஐ 1996-இல் ஆல்-இன்-வொண்டர் என்று டிவி டியூனரையும் சேர்த்து ஒரு கார்டு போட்டிருந்தது. கம்ப்யூட்டரே டிவி, அதுவே ரெக்கார்டர் என்ற கனவு அங்கே தொடங்குகிறது. சென்னையில் அந்தக் கனவின் பாதியை அரசாணை முடித்துவைத்தது. 2003 செப்டம்பர் 1 முதல் நகரத்தில் சிஏஎஸ் முறை அமலுக்கு வந்தது. கட்டணச் சேனல் வேண்டுமென்றால் செட்டாப் பாக்ஸ். கேபிளை நேராகக் கம்ப்யூட்டரில் செருகினால் இலவசச் சேனல் மட்டும்.

நான் இந்தக் கார்டு வரலாற்றுக்குள் போனது எங்கள் அப்பாவின் காதால். ஈக்காட்டுத்தாங்கலில் வீடு. 1958-இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டை பக்கத்திலேயே. அப்பா அங்கே ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். சனி ஞாயிறுகளில் கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பார். எங்கள் வீட்டிலிருந்து அடையாற்றைத் தாண்டினால் காசி தியேட்டர். ஆற்றுக்கு இந்தப் பக்கம், நூறடி ரோட்டில், ஜெயா டிவி அலுவலகம். தியேட்டரில் பார்த்த படத்தைப் பிறகு ஏதாவது ஒரு சேனலில் போடும்போது அப்பா சொல்வார்: "பாட்டு ஏறி ஓடுதுடா. அரைக் கட்டை ஏறியிருக்கு." நாங்கள் யாரும் நம்பியதில்லை. டிவி ஸ்பீக்கர் அப்படித்தான் இருக்கும் என்போம்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. சினிமா ஒரு வினாடிக்கு 24 படம். நம் நாட்டுத் தொலைக்காட்சியின் பால் முறையில் வினாடிக்கு 25. இரண்டையும் பொருத்துவதற்கான சுலப வழி, படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவது. ஐரோப்பா முழுக்க அப்படித்தான் செய்தார்கள், நாமும் செய்தோம். வேகம் 4 சதவீதம் கூடும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். ஒலியையும் கூடவே வேகமாக ஓட்டினால் சுருதி 0.7 அரைச்சுரம் ஏறும். ஆர்மோனியக் கணக்கில் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவு. காசி தியேட்டரில் ஒரு சுருதி, ஆற்றின் இந்தப் பக்கம் எங்கள் டிவியில் இன்னொரு சுருதி. பாட்டைக் கேட்டுக் கீபோர்டில் சுரம் பிடிக்கிற ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. டிவி பார்த்துப் பழகியதை மேடையில் பாடகர் ஒலிநாடாவின் சுருதியில் எடுத்தால் எல்லாம் இடிக்கும்.

அப்பாவிடம் விசிடி, டிவிடி சேர்ந்து இரண்டு பீரோ அறை நிறைய இருந்தது. அதில் வெளிநாட்டுச் சந்தைக்காக என்.டி.எஸ்.சி முறையில் போட்ட டிவிடிகளை மட்டும் தனியாக வைத்திருப்பார். "இது நல்ல பிரிண்ட்டு" என்பார். என்.டி.எஸ்.சி.யில் 24 படத்தை வேகமாக ஓட்டுவதில்லை; சில படங்களை இரண்டு தடவையும் சிலவற்றை மூன்று தடவையும் காட்டி வினாடிக்கு அறுபதை நிரப்புகிறார்கள். நடை கொஞ்சம் தத்தும், சுருதி நகராது. முறையின் பெயர் தெரியாமலேயே காதால் அவற்றைப் பிரித்து வைத்திருந்தார்.

2015 டிசம்பர் 1 இரவு அடையாறு ஊருக்குள் வந்தது. ஈக்காட்டுத்தாங்கல், ஜாஃபர்கான்பேட்டை என்று இரு கரையும் மூழ்கியது. எங்களுடையது தரைத்தளம். தண்ணீர் வடிந்தபின் பீரோவைத் திறந்தால் சேறு. கேசட்டுகள் போயே போய்விட்டன. வட்டுகளை அம்மாவும் நானும் மொட்டைமாடியில் பக்கெட் வைத்துக் கழுவினோம். அதில் ஒரு விஷயம் கண்டோம். விசிடிகளில் பாதி செத்துவிட்டன, டிவிடிகள் பெரும்பாலும் பிழைத்தன. விசிடி என்பது சாதாரண சி.டி. தரவு இருக்கும் உலோகப் பூச்சு லேபிளுக்கு நேர் கீழே, மெல்லிய அரக்கு ஒன்றே காப்பு. டிவிடியில் அந்தப் பூச்சு இரண்டு பாலிகார்பனேட் தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. பிழைத்த எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிடுவது என்று முடிவானது. டிவியோடு நிரந்தரமாகக் கட்டிப்போட ஒரு கம்ப்யூட்டர். அதற்கு ஒரு கார்டு. அப்பாவின் ஒரே நிபந்தனை: பாட்டு தியேட்டர் சுருதியில் இருக்க வேண்டும்.

ரிச்சி தெருவில் கார்டு கேட்டால் முதல் கேள்வி, "கேமிங்கா, எடிட்டிங்கா சார்?" படம் பார்க்க என்ற மூன்றாவது பெட்டி அவர்களிடம் கிடையாது. 2016-இல் எனக்குக் காட்டப்பட்டது ஜிடிஎக்ஸ் 960. மேலே சொன்ன கணக்குப்படி அதுதான் சரியான விடையும்கூட. எச்.265 தெரிந்த சுற்று, புதிய 4கே பூட்டுக்கான எச்டிசிபி 2.2 சாவி, எல்லாம் உண்டு. ஆனால் அப்பாவின் வட்டுகளில் இருந்தது எம்பெக்-2. அதற்குள் அது தெரியாத கார்டு கடையில் கிடையாது. எனக்குத் தேவைப்பட்ட திறமை வேறு இடத்தில் இருந்தது.

பால் டிவிடியில் ஒரு முழுப் படம் இரண்டு பாதிகளாக வரும். ஒற்றைப்படை வரிகள் 288, இரட்டைப்படை வரிகள் 288. பழைய டியூப் டிவி அவற்றை அப்படியே மாற்றி மாற்றி வரைந்துவிடும். எல்.சி.டி.க்கு முழுப் படம் வேண்டும், யாராவது கோர்த்துத் தர வேண்டும். சினிமாவென்றால் இரண்டு பாதியும் ஒரே கணத்தில் எடுத்தவை, பின்னினால் போதும். வீடியோ கேமராவில் எடுத்த கச்சேரி, நட்சத்திரக் கலைவிழா போன்றவற்றில் ஒவ்வொரு பாதியும் வெவ்வேறு கணம். பின்னினால் வயலின் வில்லின் ஓரத்தில் சீப்புப் பல் தெரியும். விட்டுப்போன வரிகளை அசைவைப் பார்த்து ஊகித்து நிரப்ப வேண்டும். இதைச் செய்வது அந்த மூலைச் சுற்று மட்டும் இல்லை. நுணுக்கமாகச் செய்ய கணக்குப் பொறிகளின் கூட்டமும் வேண்டும்.

ஆகவே 'மலிவே நல்லது' என்ற விதிக்கு ஒரு தரைமட்டம் உண்டு. 2010-இல் வந்த ரேடியான் எச்.டி. 5450 இதற்கு நல்ல உதாரணம். 19 வாட், பல மாடல்களில் காற்றாடியே கிடையாது, டால்பி ட்ரூஎச்டி ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். ஹோம் தியேட்டருக்கென்றே பிறந்ததுபோல இருக்கும். ஆனால் அதில் கணக்குப் பொறிகள் 80 மட்டுமே, உயர்தர வரி நிரப்பலுக்கு அது போதவில்லை. 400 பொறிகள் உள்ள 5570 வரை ஏற வேண்டியிருந்தது. காற்றாடி இல்லாத கார்டை ஏசி இல்லாத ஈக்காட்டுத்தாங்கல் ஹாலில் மே மாதம் டிவி ஸ்டாண்டுக்குள் அடைத்து வைப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வாட் கணக்கும் இங்கே வேறு மாதிரி முக்கியம். 2012-இல் சென்னையிலேயே தினம் இரண்டு மணிநேரம் மின்வெட்டு. இன்வெர்ட்டரில் டிவியோடு ஓடப்போகும் கார்டு 150 வாட் இழுத்தால் வீட்டில் சண்டை வரும்.

கடைசியில் வாங்கியது ஜிடிஎக்ஸ் 750 டிஐ. 60 வாட், தனி பவர் ஒயர் வேண்டாம். 2014-இல் வந்தது, அதனால் எச்.265-க்கு முழுச் சுற்று இல்லை. எங்கள் வேலைக்கு வேண்டியதும் இல்லை. "ரெண்டு வருஷத்துல பழசாயிடும் சார்" என்றார் கடைக்காரர். எங்கள் வட்டுகள் ஏற்கெனவே பழசு, அவை இதற்குமேல் பழசாகாது.

சுருதி இறங்கியது ரீகிளாக் என்ற சின்ன மென்பொருளால். 25 படக் கோப்பை 24-க்குக் குறைத்து ஓட்டி, ஒலியையும் அதே விகிதத்தில் இறக்கும். ஒலியை இறக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் அதைப் பிரித்துக் கையாள வேண்டும். அப்படியே ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது என்ற, விளம்பரத்தில் பெரிதாகப் போடும் வசதி இங்கே உதவாது. டிவியையும் வினாடிக்கு 24 முறையில் வைக்க வேண்டும்.

இங்கேதான் பிராசஸரோடு இலவசமாக வரும் இன்டெல் கிராஃபிக்ஸின் பழைய வம்பு. டிஸ்க்கில் வரும் பெரும்பாலான சினிமா துல்லியமாக 24 அல்ல, 23.976. என்.டி.எஸ்.சி.யின் பழைய பாக்கி அது. இன்டெலின் 2010, 2011 சிப்புகள் டிவிக்கு 24.000 என்று அனுப்பின. வித்தியாசம் 0.024. கேட்டால் சிரிப்பு வரும். 41.7 வினாடிக்கு ஒரு முறை ஒரு படம் கூடுதலாக நிற்கும். கேமரா மெதுவாக நகரும் காட்சியில் அந்த ஒரு திக்கல் கண்ணில் குத்தும். இரண்டரை மணி நேரப் படத்தில் 216 தடவை. 2013-இன் ஹாஸ்வெல் சிப்பில்தான் இது ஒழுங்காகச் சரியானது. அதுவரை பலர் தனிக் கார்டு வாங்கியதற்கு இந்த 0.024 ஒரு முக்கியமான காரணம்.

இதுவரை சொன்னது சுற்றுக்கு என்ன தெரியும் என்ற வரலாறு. அதோடு பின்னியே இன்னொன்று வளர்ந்திருக்கிறது: சுற்றுக்கு யார் அனுமதி தந்தார்கள் என்பது. 2006 தொடக்கத்தில் 'எச்டிசிபி தயார்' என்று பெட்டியில் அச்சிட்ட கார்டுகள் விற்றன. சிப் தயார்தான். ஆனால் பூட்டைத் திறக்கும் சாவி அட்டையில் பதிக்கப்படவில்லை, வாங்கியபின் பதிக்கவும் வழியில்லை. பத்து வருடம் கழித்து, 2016 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் கம்ப்யூட்டரில் 4கே காட்டத் தொடங்கியபோது, இன்டெலின் ஏழாம் தலைமுறை பிராசஸரும் எட்ஜ் பிரவுசரும் வேண்டும் என்றது. பிறகு என்விடியா கார்டுகளுக்கும் அனுமதி கிடைத்தது, குறைந்தது 3 ஜிபி நினைவகம் என்ற நிபந்தனையோடு. 2017-இல் வந்த ஜிடி 1030, 30 வாட் கார்டு. 10 பிட் எச்.265 அதற்குத் தண்ணீர் பட்ட பாடு. நினைவகம் 2 ஜிபி. உங்கள் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் 4கே கோப்பை அழகாக ஓட்டும், சந்தா கட்டிய நெட்ஃபிளிக்ஸை அதே தரத்தில் ஓட்டாது.

4கே புளூ-ரே வட்டுகளின் நிலை இன்னும் மோசம். கம்ப்யூட்டரில் அவற்றைச் சட்டப்படி ஓட்ட, இன்டெல் பிராசஸரின் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு அறை தேவை. பதினொன்றாம் தலைமுறையில் தொடங்கி இன்டெல் தன் வீட்டுப் பிராசஸர்களிலிருந்து அந்த அறையை எடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய வட்டு, காசு கொடுத்து வாங்கிய டிரைவ், புத்தம் புதிய கம்ப்யூட்டர், ஆனால் படம் ஓடாது. 2018-இல் வாங்கிய கம்ப்யூட்டரில் ஓடியது. கணினி வரலாற்றில் புதியது பழையதைவிடக் குறைவாகச் செய்த இடங்கள் உண்டு. இதில் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம், பொறியியலில் இங்கே எதுவும் தோற்கவில்லை.

மலிவுக் கார்டின் பழைய பெருமையும் 2022-இல் முடிந்தது. அந்த ஜனவரியில் 199 டாலருக்கு வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில், அதன் அண்ணன்மாரிடம் இருந்த ஏவி1 பிரிக்கும் சுற்று இல்லை. லேப்டாப்புக்காக வடிவமைத்த சிப் அது. பக்கத்தில் இருக்கும் பிராசஸரிடம் அந்தச் சுற்று இருக்கும், இரண்டு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அதை எடுத்து மேஜைக் கணினிக் கார்டாக விற்றார்கள். இனி பெட்டியின் பெரிய எண்ணும் உதவாது, சின்ன எண்ணும் உதவாது. எந்தச் சிப், அதன் வீடியோ சுற்றின் பதிப்பு எது என்று அட்டவணையில் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வாங்க வேண்டுமா என்பதே இப்போது கேள்வி. 2023-இல் வந்த இன்டெல் என்100 மொத்தமாகவே 6 வாட் பிராசஸர். எம்பெக்-2 முதல் ஏவி1 வரை எல்லாம் அதற்குத் தெரியும். எங்கள் டிவிக்குப் பின்னால் இப்போது இருப்பது உள்ளங்கை அகலத்துக்கு அந்தப் பெட்டிதான். 750 டிஐ என் அலுவலக மேஜைக்குப் போய்விட்டது. டிவிடி கோப்புகள் 24-இல், தியேட்டர் சுருதியில் ஓடுகின்றன.

அப்பா இப்போது அதிகம் பார்ப்பது யூட்யூப். பழைய படங்களில் நிறைய, தொலைக்காட்சிக்காக ஒரு காலத்தில் 25-க்கு மாற்றிய பிரதிகளிலிருந்தே ஏற்றப்பட்டிருக்கின்றன. வேகத்தை 0.95-க்குக் குறைத்துக் கொடுத்துப் பார்த்தேன். அந்த வசதி பேச்சுக் குரல் கெட்டுவிடக் கூடாது என்று சுருதியை மாற்றாமல் தாளத்தை மட்டும் இழுக்கிறது. அப்பா பாதிப் பல்லவி வரைக்கும் கேட்டார். "இப்ப மெதுவா ஓடுது. கட்டை இறங்கலையே" என்றார்.